பனி எச்சரிக்கை

ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே கண்ட நமக்குப் பனிப்பொழிவின் கொடுமை எளிதில் விளங்காது. அமெரிக்க வானிலைத் துறையினர், காற்று மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, பறக்கும் பனியால் 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை 3 மணி நேரமாவது நீடிக்கும் என்று கணித்தால், கடும் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கின்றனர்.

ஆனால், எவ்வளவு பனி கொட்டினால் எச்சரிப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். வடக்கே பஃபலோ நகரம் எளிதில் தாங்கும் பனி, தெற்கே அட்லாண்டாவை முடக்கிவிடும். 2014 ஜனவரி 28ஆம் நாள் அட்லாண்டாவில் 7 செண்டிமீட்டருக்கும் குறைவாகவே பனி விழுந்தது. ஆயினும் சாலைகள் உறைந்து வழுக்கின. ஆயிரக்கணக்கானோர் வாகனங்களில் சிக்கினர். பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே இரவைக் கழித்தனர்.

ஆகவே, எச்சரிப்போர் பனியோடு ஊரின் தாங்கும் ஆற்றலையும் கணக்கிடுவது ஏன் என்பதை நாம் உணரலாம்.