உலர் உணவும் ஒரு கிண்ணம் தண்ணீரும்

கோடை தொடங்கியதும், மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள் என்ற வேண்டுகோள் ஆண்டுதோறும் எழுகிறது. பலர் வைக்கவும் செய்கிறார்கள். நல்ல வழக்கம்; வளரட்டும். ஆனால், நம் மாடியில் தண்ணீர் இல்லையென்றால் காகம் அடுத்த மாடிக்குப் பறந்துவிடும். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கும், கூண்டுக்குள் இருக்கும் முயலுக்கும் அந்த வழி இல்லை.

விற்பவர் ஒருவர் மட்டுமே உள்ள சந்தையைப் பொருளாதாரத்தில் முற்றுரிமைச் சந்தை என்போம். வளர்ப்புப் பிராணியின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பொருத்தவரை நாம் ஒவ்வொருவரும் முற்றுரிமையாளர்களே. போதவில்லை என்று புகார் சொல்லவும் அந்த நுகர்வோரால் இயலாது.

அந்த நுகர்வோரின் தேவையோ கூடியிருக்கிறது. வெயிலை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது; உணவும் மாறிவிட்டது.

ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டு நாய்க்கென்று தனி உணவு வாங்கியவர்கள் மிகக் குறைவு. மிஞ்சிய சோறும் மோரும், குழம்பில் பிசைந்த சாதமும், மீன் வாங்கிய நாளில் தலையும் வாலும் அதன் பங்கு. பூனை பாலும் மீனும் எலியுமாகப் பிழைத்துக்கொண்டது. கொல்லையில் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, தவிடு, புண்ணாக்கு எல்லாம் அதில்தான். இந்த உணவுகள் அனைத்துக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருந்தது. வடித்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். எலியின் உடலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இன்று கடைகளில் பைகளில் விற்கப்படும் உலர் உணவில் ஈரப்பதம் நூற்றுக்குப் பத்து அளவே.

பேனா வாங்கினால் மையும் வாங்க வேண்டும் என்பதை நிரப்புப் பண்டங்களுக்கு உதாரணமாகப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். உலர் உணவின் நிரப்புப் பண்டம் தண்ணீர். பைக்குக் கொடுக்கும் விலையில் அது அடங்கவில்லை. அதனாலேயே நம் கணக்கிலும் வருவதில்லை.

பூனையை எடுத்துக்கொள்வோம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலும் பானத்திலுமாக நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் நீர் வேண்டும். மீனோ இறைச்சியோ தின்றால் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும். 60 கிராம் உலர் உணவு தின்றால் கிடைப்பது 6 மில்லி லிட்டர். மீதி முழுவதும் கிண்ணத்திலிருந்து வர வேண்டும். இங்கேதான் சிக்கல். வீட்டுப் பூனையின் மூதாதையர் மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்தவை. இரையின் உடலிலிருந்தே நீரைப் பெற்றவை. எனவே, பூனைக்குத் தாகம் தாமதமாகவே உறைக்கிறது. உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கிறது என்றாலும், ஈர உணவு தின்னும் பூனைக்குக் கிடைக்கும் மொத்த நீரை அது எட்டுவதில்லை.

ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. சிறுநீர் கெட்டியாகிப் படிகங்கள் சேர்ந்து அது அடைபடுவதற்குக் குறைந்த நீர் ஒன்றே காரணம் இல்லை என்றாலும், முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. மண் தட்டில் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் உண்டு. முழுதும் அடைபட்டால் இரண்டு, மூன்று நாள்களில் உயிர் போய்விடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நாயின் கதை வேறு. தாகம் எடுத்தால் அது குடிக்கும். கிண்ணத்தில் நீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் என்பது சாதாரண நாளின் தேவை. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆகும். நமக்குப்போல உடல் முழுதும் வியர்க்காமல், மூச்சிரைத்தே அது உடலைக் குளிர்விப்பதால் கோடையில் இந்தக் கணக்கு போதாது. சிறிய உடலுக்குச் சிறிய தேவை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2 கிலோ முயல் ஒன்று 10 கிலோ நாய்க்கு ஈடாகக் குடிக்கக்கூடும். தண்ணீர் குறைந்தால் முயல் தின்பதையே குறைத்துக்கொள்ளும். குடல் இயக்கம் நின்றுபோகும் ஆபத்து அதில் இருக்கிறது.

பாத்திரமும் முக்கியம். மேலை நாடுகளில் ஃபெரெட் என்ற சிறிய ஊனுண்ணியை வீடுகளில் வளர்க்கிறார்கள். கீரியைப் போல நீண்ட உடல், ஓயாத குறும்பு. தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டால் முன்னங்கால்களால் தோண்டும், கவிழ்க்கும். சலித்துப்போனவர்கள் நுனியில் உலோகக் குண்டு பொருத்திய புட்டியைக் கூண்டில் தொங்கவிட்டார்கள். தரை நனையவில்லை, பிராணிக்கோ நக்க நக்கச் சொட்டுச் சொட்டாகத்தான் நீர் வருகிறது. குண்டு சிக்கிக்கொண்டால் அதுவும் வராது. புட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாக இருப்போம். கூண்டுக் கம்பியில் பிணைத்த கனமான கிண்ணம் இதற்கு நல்ல தீர்வு. நம் ஊரில் முயல் வளர்ப்போரும் இத்தகைய புட்டிகளையே நாடுகிறார்கள். சூரிச்சில் முயல்களை வைத்து நடந்து, 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் அவை திறந்த கிண்ணத்தையே விரும்பின. பாத்திரத்தைத் தேர்வு செய்யும்போது யாருடைய வசதி முதலில் வருகிறது என்பதே கேள்வி.

திறந்த பாத்திரம் என்றதும் கொசு பற்றிய அச்சம் எழுவது நியாயமே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். எனவே, பழைய நீரின் மேல் புதிய நீரை ஊற்றுவது பயன் தராது. தினமும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலில் வழுவழுப்பாகத் தட்டுப்படும் பாசிப் படலமும் அப்போது போய்விடும். கிண்ணத்தை வெயில் படாத இடத்தில், பூனையின் மண் தட்டிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்திட்டது. தன் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராத உரிமையாளர் குற்றவாளி என்கிறது அதன் 11-ஆவது பிரிவு. 2014-இல் உச்சநீதிமன்றமும், பசி, தாகத்திலிருந்து விடுதலை உள்ளிட்ட ஐந்து சுதந்திரங்களை இச்சட்டத்தோடு இணைத்துப் படிக்க வேண்டும் என்றது. சரி, தண்டனை? முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 1960-இல் 50 ரூபாய் பெரிய தொகைதான். இன்று கடையில் ஒரு லிட்டர் குடிநீர் புட்டி சுமார் 20 ரூபாய். தண்ணீர் தராத குற்றத்துக்கான குறைந்தபட்ச அபராதம் அரை லிட்டர் தண்ணீரின் விலை! பணவீக்கம் ஒரு சட்டத்தை இதைவிடத் தெளிவாகச் செல்லாக்காசு ஆக்கியதை நான் கண்டதில்லை. அபராதத்தை உயர்த்தும் வரைவுத் திருத்தம் 2022-இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அது சட்டப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். ஒரு வாரம் செய்தால் உங்கள் பிராணியின் வழக்கம் தெரிந்துவிடும். திடீரென்று இரு மடங்கு குடித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். குடிப்பது குறைந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.

உணவு நிறுவனங்களும் ஒன்று செய்யலாம். எத்தனை கிலோ எடைக்கு எத்தனை கிராம் உணவு என்று பையின் பின்புறம் அட்டவணை அச்சிடுகிறார்கள். அதே அட்டவணையில் எத்தனை மில்லி லிட்டர் தண்ணீர் என்று இன்னொரு கட்டம் சேர்த்து, தமிழிலும் அச்சிட்டால் என்ன செலவாகிவிடும்?