இடித்தது லாரியா, ஜீப்பா? ஒரு வரியில் தொலையும் உண்மை

2022 பிப்ரவரி 7 அன்று பாலக்காடு மாவட்டம் குழல்மந்தம் அருகே, பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் சிக்கி பைக்கில் வந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். பின்னால் வந்த காரின் கேமராப் பதிவு வெளிவந்த பிறகுதான் வழக்கின் போக்கே மாறியது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கு அப்படியொரு கேமரா கிடையாது. அவசரப் பிரிவு டாக்டர் எழுதும் முதல் வரிதான் அதன் கண். அந்த வரியில் பல நேரம் ‘ஆர்.டி.ஏ.’ என்ற மூன்றெழுத்து மட்டுமே இருக்கும்: சாலை விபத்து, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்ப் பட்டியல் இதைவிட நிறையக் கேட்கிறது. காயத்துக்கு ஒரு குறியீடு, அது எப்படி நேர்ந்தது என்பதற்கு இன்னொன்று. தொடை எலும்பின் நடுத்தண்டு முறிந்தால் எஸ் 72.3. பைக்கில் சென்றவர்களின் விபத்துகளுக்கு வி 20 முதல் வி 29 வரை. ஆட்டோவோ இன்னொரு பைக்கோ மோதினால் 22, காரோ ஜீப்போ சிறிய சரக்கு வேனோ மோதினால் 23, லாரி அல்லது பேருந்து என்றால் 24. யாரும் மோதாமல் தானே சறுக்கி விழுந்தால் 28. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் ஆளைச் சொல்லும்: சாலையில் ஓட்டிச் சென்றவர் 4, பின்சீட்டில் இருந்தவர் 5. போடிமெட்டு வளைவில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் இடித்து, பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அடிபட்டால் வி 23.5. வாளையாறில் சரக்கு லாரி இடித்திருந்தால் அதே பெண்ணுக்கு வி 24.5.

‘ஆர்.டி.ஏ.’ என்று மட்டும் இருந்தால் கிடைப்பது வி 89.2. அதில் லாரியும் இல்லை, பைக்கும் இல்லை. குறியீடு போடுபவர் ஊகித்து எழுதக் கூடாது.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இது இன்னும் சிக்கலாகிறது. வாளையாறில் அடிபட்டவர் கோவைக்கும், குமுளியில் அடிபட்டவர் கம்பம் வழியாகத் தேனி மருத்துவக் கல்லூரிக்கும் போக நேரும். காயத்தைப் பதிந்து ஆஸ்பத்திரி தரும் காகிதத்துக்குக் கேரளத்தில் ‘வூண்ட் சர்ட்டிபிகேட்’ என்று பெயர், தமிழ்நாட்டுப் பக்கம் ‘ஏ.ஆர். காப்பி’, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல். நஷ்டஈட்டு வழக்கில் இந்தக் காகிதத்தையும் கேட்பார்கள். முதல் ஆஸ்பத்திரியில் எழுதாமல் விட்டதை இரண்டாவது ஆஸ்பத்திரியில் யாரிடம் கேட்பது? அடிபட்டவர் பெரும்பாலும் பேசும் நிலையில் இருப்பதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். இது போலீஸ் கணக்கு. உயிர் பிழைத்துக் காலை இழந்தவருக்கு என்ன ஆயிற்று என்பது ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் தெரியும். எந்த வளைவில் லாரிகள் பைக்குகளை இடிக்கின்றன, எங்கே தடுப்பு வேண்டும் என்று கேட்க அந்தக் கணக்கு வேண்டும்.

என்னை உறுத்துவது இதுதான்: கோவையிலும் சென்னையிலும் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக இதே வி 24-ஐ, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பது வரை பிரித்து எழுதுகிறார்கள். அந்தத் திறமை உள்ள ஊரிலேயே, வாளையாறிலிருந்து வந்தவரின் சீட்டில் மூன்றெழுத்துதான்.

ஆம்புலன்சில் கூட வருபவர் மூன்று விஷயங்களைச் சொல்லி எழுதச் சொல்லலாம்: பைக்கில் வந்தார், பின்சீட்டில் இருந்தார், லாரி இடித்தது. வேறு ஊருக்கு அனுப்பும் சீட்டிலும் அதே வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.