சொடுக்கும் விரலும் வாங்கும் மனமும்

செய்தித்தாளில் விளம்பரம் செய்வோர் இடத்துக்குப் பணம் கொடுக்கின்றனர். இணையதளத்திலோ, பெரும்பாலும், படிப்பவர் அவ்விளம்பரத்தை விரலால் சொடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, சொடுக்குகளைப் பெருக்கும் வழியோடு, எத்தகைய சொடுக்குகள் வேண்டும் என்பதையும் நாம் ஆராய்தல் நலம். வெளிமாநிலங்களில் சிறுதொழில் நடத்தும் நம்மவர்க்கு இது கைம்முதலைப் பற்றிய விஷயமாகும்.

1994-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஹாட்வயர்டு என்னும் தளத்தில் பட்டை வடிவான விளம்பரம் வெளியாயிற்று. கண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதனைச் சொடுக்கினர் என்பர். அது புதுமையின் கவர்ச்சி. நாளடைவில் மக்களுடைய கண் பழகிவிட்டது. பக்கத்தில் ஒன்றைத் தேடுவோர், விளம்பரம் போலத் தோன்றும் எதனையும் பாராமலே கடந்து விடுகின்றனர் என்பதை 1998-இல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் எடுத்துக் காட்டினர். பளபளப்பும் துள்ளலும் மிகுந்த விளம்பரம் தோல்வியுறுவதற்கு இதுவே காரணம்.

அங்ஙனமாயின், விளம்பரத்தை எங்கே வைப்பது? பக்கத்தின் உச்சியே சிறந்தது என்று எண்ணுதல் வேண்டா. கைப்பேசியில் படிப்பவர் உச்சியை நொடியில் தள்ளிவிட்டுக் கீழே செல்கிறார். கட்டுரையின் பத்திகளுக்கு இடையிலும் முடிவிலும் அவர் கண் தங்குகிறது. அங்கே வைப்பதே பயன் தரும். ஆனால் 'அடுத்த பக்கம்' போன்ற பொத்தான்களை ஒட்டி வைத்தல் ஆகாது. அங்கே விரல் தவறிப் பட்ட சொடுக்குகளே மிகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சொடுக்குக்கு 5 ரூபாயாக 100 சொடுக்குகளுக்கு 500 ரூபாய் செலவாகிறது என்க. அவற்றுள் 80 தவறிப் பட்டவையாயின், மெய்யாக வந்தவர் 20 பேரே. அப்போது ஒருவருக்கு நாம் கொடுத்தது 5 ரூபாயன்று, 25 ரூபாய்!

இனி, விளம்பரத்தின் அமைப்பைக் காண்போம். மும்பைத் தாராவியில் ஒருவர் இட்லி மாவு அரைத்து விற்கிறார் என்று கொள்வோம். 'உலகத் தரம், ஒப்பற்ற சுவை' என்பதனால் யாதொரு பயனும் இல்லை. 'அன்று அரைத்த மாவு. மாலை ஆறு மணிக்குள் வீட்டுக்கு வரும்' என்று விலையோடு சொன்னால், வேண்டுபவர் மட்டுமே சொடுக்குவர். தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலும், அண்டை வீட்டாருக்கு மராத்தியிலோ இந்தியிலோ எழுதலாம். மாவு கொண்டுபோய்த் தரக்கூடிய தொலைவுக்குள் வசிப்போர்க்கு மட்டும் விளம்பரம் காட்டுமாறு ஏற்பாடு செய்தல் இன்றியமையாதது. சொடுக்கியவுடன் திறக்கும் பக்கத்தில் அதே மாவும் அதே விலையும் இருத்தல் வேண்டும். கூகுள் போன்ற நிறுவனங்கள், தேடுவோர்க்குப் பொருத்தமான விளம்பரத்துக்குக் குறைந்த கட்டணத்திலும் நல்ல இடம் அளிப்பதுண்டு. ஆதலின் நேர்மை இங்கே சிக்கனமும் ஆகிறது.

விளம்பரத்தைச் செய்தி போல வேடமிட்டுக் காட்டுவது சட்டத்துக்கும் புறம்பு. 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகள் பதின்மூன்று வகைச் சூழ்ச்சிகளைத் தடுக்கின்றன; அவற்றுள் இவ்வேடமும் ஒன்று.

ஏமாந்து சொடுக்கியவர் மீண்டும் வாரார். விரும்பிச் சொடுக்கியவரோ அண்டை அயலாரையும் அழைத்து வருவார். விளம்பரத்துக்குச் செலவிடுமுன் நாம் வேண்டுவது இவ்விருவருள் யார் என்பதைத் தெளிந்துகொள்வோமாக.