இணைக்கணிப்பும் விண்கலக் கட்டமைப்பும்

'இணை' என்னும் சொல்லுக்கு வடிவக்கணித ஆசிரியர் ஒரு பொருள் கூறுவர்: எவ்வளவு நீட்டினும் சந்தியாத கோடுகள் இணைகோடுகள். உலக வழக்கிலோ, பிரியாது சேர்ந்திருப்பது இணை. கணினித் துறையில் வழங்கும் 'இணைக்கணிப்பு' என்னும் தொடரில் எப்பொருள் அமைந்துள்ளது? பெரிய விண்கலங்களின் உறுதியை ஆராயும் முறையைக் காணின் விடை விளங்கும்.

பாலம் ஒன்றைக் கட்டினால் அதன்மேல் சுமையேற்றிச் சோதிக்கலாம். அனைத்துலக விண்வெளி நிலையத்தை அங்ஙனம் சோதிக்க இயலாது. 1998 முதல் பகுதி பகுதியாக வானிலேயே பூட்டப்பெற்ற அது, ஏறத்தாழ 109 மீட்டர் நீளமும் 420 டன் நிறையும் உடையது; அதன் முழு உருவம் மண்ணில் ஒருநாளும் நின்றதில்லை. மற்றொரு கலம் வந்து பொருந்துங்கால் எவ்வுறுப்பு எவ்வளவு அதிரும் என்பதைக் கணக்கே முன்னறிந்து கூறல் வேண்டும். கணக்குப் பிழைத்தால் உள்ளிருப்போர் பிழைப்பது அரிது.

அக்கணக்கிற்கு அடிப்படை வரம்புறு கூறு முறையாகும். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்னும் நால்வர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வித்திட்டது. இதன் ஆங்கிலப் பெயரை 1960இல் வழங்கியவர் கிளஃப். கலத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து, அவை கூடுமிடங்களைக் கணுக்கள் எனக் கொள்வர். ஒவ்வொரு கணுவும் மூன்று திசைகளில் நகரலாம். மூன்று அச்சுகளில் சுழலலாம். எனவே ஒரு லட்சம் கணுக்களுக்கு ஆறு லட்சம் சமன்பாடுகள். அசைவின் ஒவ்வொரு நொடிக்கூற்றிற்கும் இவற்றைத் தீர்க்க ஒரு கணினி திணறும். ஆதலின் பல கணினிகளுக்குப் பங்கிடுவர்.

பங்கிடுதல் எளிது, பொருத்துதலே அரிது. நம் மஸ்ஜித் இந்தியாவில் பெருநாள் நெருக்கத்தில் ஒரே சட்டையை மூவர் தைப்பதாகக் கொள்வோம். ஒருவர் கை, ஒருவர் உடல், ஒருவர் கழுத்துப்பட்டி. தோள் தையலின் அளவை ஒருவர்க்கொருவர் சொல்லாவிடில் கை உடலோடு சேராது. விண்கலக் கணக்கும் இத்தகையதே. இரு பங்குகளின் எல்லையிலுள்ள கணு இரண்டிற்கும் பொது. அது நகரும் அளவு இருபுறமும் ஒன்றாதல் வேண்டும். இதற்காகக் கணினிகள் தம்முள் ஓயாது செய்தி மாற்றிக்கொள்கின்றன. அவ்வேளையில் கணிப்பு காத்து நிற்கிறது.

பங்கிட இயலாப் பகுதியும் உண்டு. வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்யத்தக்கதாயின், ஆயிரம் கணினிகளைக் கூட்டினும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. அம்டால் என்னும் அறிஞர் 1967இல் முன்வைத்த கருத்தின் சாரம் இது.

இத்துறையில் இந்தியரின் பணியும் குறிப்பிடத்தக்கது. பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகத்தார் 1986இல் 'ஃப்ளோசால்வர்' என்னும் இணைக்கணினியை அமைத்தனர். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் கட்டமைப்பு ஆய்வுக்கென 'ஃபீஸ்ட்' என்னும் மென்பொருளைத் தாமே ஆக்கினர். அங்கேயே 2011இல் 'சாகா 220' நிறுவப்பெற்றது. 400 மையச் செயலிகளும் 400 வரைகலைச் செயலிகளும் கூடி, நொடிக்கு 220 லட்சம் கோடிக் கணக்குகள் செய்ய வல்லது அது.

இனி விடை கூறலாம். இணைகோடுகள் சந்தித்தால் இணை அல்ல. இணைக்கணிப்பிலோ பங்குகள் எல்லையில் சந்தியாவிடின் விடையே இல்லை. பக்கத்தில் பக்கமாக ஓடுதலும் உற்ற இடத்தில் கைகோத்தலும் ஆகிய இருபொருளும் இச்சொல்லில் பொருந்தி நிற்கின்றன. மாணவர்க்கு இதனை விளக்கும் ஆசிரியர் முதற்பொருளோடு நின்றுவிடலாகாது.