மூச்சைச் சேமிக்கும் செட்டை

ஊவா மாகாணத்தில் கடல் இல்லை. பதுளை, மொனராகலை என்று இரண்டே மாவட்டங்கள். இரண்டுக்கும் கரையோரம் கிடையாது. ஆனாலும் தண்ணீருக்குள் மூழ்கி மீனைக் குத்திப் பிடிக்கும் ஒரு வேட்டைக்காரர் இங்கே இருக்கிறார். பதுளையில் பஸ் ஏறி, மலையிறங்கி, மஹியங்கனைக்குப் போங்கள். சொரபொர குளம் போன்ற இடங்கள்தான் அவருக்குப் பிடித்தவை. உடம்பு தண்ணீருக்குள் இருக்கும். நீண்ட கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே நெளியும். பெயர் பாம்புத்தாரா.

இந்தப் பறவை மீனைக் கவ்விப் பிடிப்பதில்லை. மடித்து வைத்த கழுத்தைச் சட்டென்று நீட்டி, கூரிய அலகால் மீனின் விலாவில் ஒரே குத்து. பிறகு மேலே வந்து, மீனை உதறித் தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக விழுங்கும். எல்லோரும் அந்த அலகைத்தான் பார்ப்பார்கள். எனக்கென்னவோ அதன் கால்தான் பெரிய அதிசயம். வாத்தின் காலில் முன்விரல்கள் மூன்றுக்கு இடையில்தான் சவ்வு இருக்கும். பாம்புத்தாராவுக்கும் அதன் உறவுக்காரரான நீர்க்காகத்துக்கும் பின்விரலையும் சேர்த்து, நான்கு விரல்களும் சவ்வால் இணைந்திருக்கும். அதாவது, பெரிய செட்டை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலில் மூழ்கி, ஈட்டியால் மீன் பிடிக்கும் மனிதர்களும் காலில் செட்டை மாட்டிக்கொள்கிறார்கள். (இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. வேறு பல நாடுகளில் அனுமதி உண்டு.) அவர்களுடைய செட்டை கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம்கூட இருக்கும். ஏன் அவ்வளவு நீளம்? வேகமாகப் போகத்தானே என்று நினைப்பீர்கள். காரணம் வேறு.

பீலியில் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஒரு கரண்டியால் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பிறகு ஒரு சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக இறக்கித் தள்ளுங்கள். தட்டு உங்கள் கையைத் திருப்பித் தள்ளுவது தெரியும். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனான, எதிரான மறுதாக்கம் உண்டு என்று நியூட்டன் சொன்னது இதைத்தான். தண்ணீரைப் பின்னால் தள்ளினால் தண்ணீர் நம்மை முன்னால் தள்ளும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 1 கிலோகிராம் தண்ணீரைச் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் தள்ளுகிறீர்கள். திணிவை வேகத்தால் பெருக்கினால் உந்தம் 2. அடுத்து, 2 கிலோகிராம் தண்ணீரைச் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் தள்ளுங்கள். உந்தம் அதே 2. ஆகவே இரண்டிலும் உங்களுக்குக் கிடைக்கும் தள்ளு ஒன்றுதான். ஆனால் தண்ணீருக்குக் கொடுத்த இயக்கசக்தியைப் பாருங்கள். அது திணிவில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. முதலாவதற்கு 2 யூல். இரண்டாவதற்கு 1 யூல். பாதிச் செலவு! நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதுதான் லாபம். நீளமான செட்டை அதைத்தான் செய்கிறது. தசைகள் குறைவாக உழைத்தால் ஒட்சிசன் குறைவாகச் செலவாகும். பிடித்த மூச்சு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுக்குச் செட்டை இல்லையே என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்களைக் கீழே கொண்டுபோனது கயிற்றில் கட்டிய கனமான கல். மேலே இழுத்தது தோணியில் நின்ற கூட்டாளி. போகவும் வரவும் காலை நம்ப வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைவு.

சரி, மனிதருக்குச் செட்டை எப்படி வந்தது? அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், 1706இல் பிறந்தவர், சிறுவனாக இருந்தபோது கைகளில் பிடித்து நீந்த இரண்டு பலகைகள் செய்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு களைத்துப் போனது. காலுக்கும் பலகை கட்டிப் பார்த்தார், திருப்தி வரவில்லை. அவை வளையாத பலகைகள். பிரான்ஸ் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ 1933இல் காப்புரிமை பெற்ற இறப்பர்ச் செட்டைகள்தான் இன்றைய செட்டைகளுக்கு முன்னோடி.

வளைவதில்தான் சூட்சுமம். காலை அசைக்கும்போது தகடு வளைந்து, பிறகு நிமிரும். நிமிரும்போது தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும். பிளாஸ்டிக் தகடு மலிவு, அடி தாங்கும். கார்பன் இழைத் தகடு வளையச் செலவான சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் விலை அதிகம், பாறையில் மோதினால் உடையக்கூடும். கடினமான தகடுதான் சிறந்தது என்று பெரியவர்களே ஏமாந்து போவார்கள். ஒல்லியான காலில் கடினமான தகட்டை மாட்டினால், கொஞ்ச நேரத்தில் தொடை வலிக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பழகுபவருக்கு மென்மையான தகடே நல்லது.

நீளமும் அப்படித்தான். திருகோணமலைப் புறாத் தீவில் மேலே மிதந்தபடி பவளப்பாறையைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே நீளச் செட்டை வேண்டவே வேண்டாம். ஆழம் குறைந்த இடத்தில் திரும்பும்போது அது பவளத்தை உடைத்துவிடும். குட்டைச் செட்டை போதும். அதையும் தண்ணீருக்குள்ளேயே அசைக்க வேண்டும். வெளியே அடித்தால் காற்றைத்தான் தள்ளுவீர்கள். காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. சத்தம் வரும், நகர்வு வராது. இன்னொன்று: மூச்சுப் பிடித்து மூழ்கும் பயிற்சியைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். நீச்சல் தெரிந்தவர்கூட எச்சரிக்கையே இல்லாமல் நீருக்குள் மயங்கிவிடுவதுண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம் அளவு. தகடு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பாதம் நுழையும் பகுதி பொருந்தாவிட்டால் வீண். இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். தளர்வாக இருந்தால் குதிக்கால் உரசிக் கொப்புளம் வரும், கழன்றும் போகும். மாட்டியபின் காலைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். குதிக்கால் நழுவக் கூடாது. விரல்கள் நசுங்கவும் கூடாது. அடுத்த வருடத்துக்கும் உதவும் என்று அம்மா இரண்டு அளவு பெரிதாக வாங்கித் தருவது பாடசாலைச் சப்பாத்துக்குச் சரி, செட்டைக்குச் சரிவராது.

மாட்டிக்கொண்டு மணலில் முன்னால் நடக்காதீர்கள். தகடு மடங்கி, முகம் குப்புற விழுவீர்கள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகவே நடந்து இறங்க வேண்டும்.