பத்துக் கிலோ குழந்தை

ஃபேசிட் கணக்கிடும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றி வகுத்தல் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த மணிச் சத்தம் மறக்காது. ஒரு சுற்று கூடிவிட்டால் 'டிங்' என்று அடிக்கும். ஒரு சுற்று பின்னால் திருப்ப வேண்டும். பக்கத்தில் கிளார்க்ஸ் டேபிள், ஃபிஷர்-யேட்ஸ் அட்டவணை, வரைபடத் தாள், ஆசிரியர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ரெக்கார்டு நோட்டு. ரேண்டம் எண் வேண்டுமென்றால் 1927இல் டிப்பெட் வெளியிட்ட 41,600 இலக்கங்களில் எங்காவது விரல் வைக்க வேண்டியதுதான். இப்படித்தான் நம்மூர்க் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. புள்ளியியல் நடந்தது. இருபது எண்களுக்கு ஒரு 'டி' சோதனை போட்டு முடிப்பதற்குள் பிற்பகல் போய்விடும்.

அந்த இருபது எண்களும் பெரும்பாலும் வயல் விளைச்சலாகவே இருக்கும். புள்ளியியல் மேதை ஃபிஷர் தன் முறைகளை வளர்த்தது இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் பண்ணையில். பாடப்புத்தகமும் உரத்தையும் கோதுமையையும் விட்டு நகரவில்லை. நோயாளி என்று ஒருவர் அதில் வருவதே அபூர்வம். நாலு தெரு தள்ளி மருத்துவக் கல்லூரியில், பி.எஸ்.எம். எனும் சமூக மருத்துவப் பாடத்தின் ஓரத்தில், சராசரியும் கை-ஸ்கொயரும் தேர்வுக்கு முந்திய வாரம் மனப்பாடமாகிக்கொண்டிருக்கும். இவர்களும் அவர்களும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை.

இத்தனைக்கும் சென்னையில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கிவிட்டது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை தந்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு. ஆனாலும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள். உயிரியல் புள்ளியியலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அந்த ஆய்வின் படிவங்கள் கல்லூரி மாணவர்கள் தொடக்கூடிய பொருளல்ல.

இன்று தொடலாம். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கிய புள்ளியியல் கணினி மொழியான 'ஆர்' இலவசம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) 6,36,699 வீடுகளைத் தொட்டது. பெயரும் முகவரியும் நீக்கிய அதன் தனிநபர்த் தரவைப் பதிவு செய்து இறக்கிக்கொள்ள முடிகிறது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி விடுதி அறையில் உட்கார்ந்து ஏழு லட்சம் பெண்களின் பதிவைத் திறக்கிறாள். முன்பு ஒரு துறையே ஆண்டுக்கணக்கில் செய்த கூட்டல், என்டர் தட்டியதும் முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடுவதில்தான் சிக்கல். பிறப்பு எடைக்கு சராசரி எடுத்துப் பார்த்தால் அசாத்தியமாக வருகிறது. தேடிப்போனால் பத்துக் கிலோ குழந்தைகள் வரிசையாக நிற்கின்றன. 9996 என்பது கிராம் அல்ல. 'எடை பார்க்கவில்லை' என்பதற்கான குறியீடு. 9998 என்றால் 'தெரியாது'. ஹீமோகுளோபின் 115 என்றிருப்பது 11.5. பெரிய மாநிலத்தையும் சிறிய மாநிலத்தையும் சரியான விகிதத்தில் சேர்க்கத் தரும் எடைக் காரணியைப் பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். வகுக்காமல் விட்டால் கணினி முணுமுணுக்காது, தவறான விடையை அழகான படமாகவே வரைந்து தரும். குறியீடுகளைக் களைந்த பிறகும் பிறப்பு எடைகள் 2,500, 3,000 என்ற முழு எண்களில் கும்பலாகக் கிடக்கின்றன. மருத்துவ அட்டை இல்லாத வீட்டில் தாய் ஞாபகத்திலிருந்து சொன்ன எடையும் அதில் உண்டு; தராசு முள்ளைப் பார்த்து நர்ஸ் தோராயமாக எழுதியதும் உண்டு. இதைப் பார்த்துச் சந்தேகப்படப் பழகுவதுதான் பயிற்சி. என்னைக் கேட்டால், முதல் பருவம் முழுக்க எந்த மாடலும் கற்றுத்தராமல் இதை மட்டும் செய்யச் சொல்வேன்.

மருத்துவ மாணவர்கள் பக்கமும் நகர்ந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம், இரண்டு மாதத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து பார்க்க வாய்ப்புத் தருகிறது. அன்று கையில் அட்டையும் படிவமுமாகத் தெருத்தெருவாகப் போனார்கள். இன்று பலர் கூகுள் ஃபார்ம் தயாரித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். இரவுக்குள் இருநூறு பதில்கள். தலைப்பு 'இளைஞர்களின் தூக்கக் குறைபாடு' என்றிருக்கும். இருநூறு பேரும் ஒரே விடுதி. பழைய தலைமுறையின் கால் வலிக்கு ஒரு பயன் இருந்தது என்று இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐ.ஐ.டி. சென்னை 2020இல் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இல்லாமலே தரவு அறிவியல் பட்டத்தைத் திறந்தது. 2023இல் மருத்துவத்தையும் பொறியியலையும் இணைத்து நான்காண்டு பட்டம் ஒன்றும் வந்தது. நாலு தெரு இடைவெளி ஒரே வளாகத்துக்குள் சுருங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் ஆள்தான் பற்றாக்குறை. 1938இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ஃபிஷர், சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறையில் பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளியியலாளர். எம்.பி.பி.எஸ். வகுப்பு, முதுநிலைத் தீசிஸ், பேராசிரியர்களின் கட்டுரைகள் எல்லாம் அவர் மேசைக்கே வருகின்றன. சமர்ப்பிக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், எக்செல் ஃபைலோடு.