‘லோக்கல்ஹோஸ்ட்’ யார் வீட்டு விலாசம்?

பி.காம். படித்தவனுக்கு ‘டெஸ்டிங்’ என்றால் டிரயல் பாலன்ஸ்தான். இரண்டு பக்கமும் டாலி ஆகாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. கம்ப்யூட்டர் ஆசாமிகளும் அப்படித்தான் என்பது பக்கத்து போர்ஷன் பையனைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் தெருப் பால்காரருக்கு அவன் ஒரு ‘ஆப்’ எழுதுகிறான். எத்தனை பாக்கெட், மாசக் கடைசியில் எவ்வளவு பாக்கி... பால் கார்டுக்குப் பதில் போன்! எழுதுவது கூகுளின் ‘ஃப்ளட்டர்’ உபயத்தில். 2018 டிசம்பரில் அதன் 1.0 வெளியானது. ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். ஒரே மாவில் இட்லியும் தோசையும் மாதிரி. ஆனால் தோசைக்கல்லைப் பார்த்து இட்லி வெந்ததா என்று சொல்ல முடியுமோ? இரண்டையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

“எதுக்குடா இவ்வளவு பாடு? நேரா பால்காரர் போன்ல போட்டுப் பார்த்துடேன்!”

“டெஸ்ட் பண்றப்ப நிஜக் கணக்குல பத்து வீட்டு பாக்கி அழிஞ்சுபோனா யார் சார் கட்டறது?”

நியாயம்தான். அந்த மனுஷர் மறுநாள் கொள்முதலுக்கு அந்தப் பாக்கியைத்தான் நம்பியிருக்கிறார். அதனால் கணக்கு வைக்கும் சர்வரையும் பையன் தன் லேப்டாப்பிலேயே ஓட விட்டான். அதில் பொய்யாகப் பத்து வீடுகள். (ஒரு வீட்டுக்கு என் பெயர். மூணு மாச பாக்கி வேறு. படவா!)

‘ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ’வில் எமுலேட்டர் என்று ஒரு பொம்மை போன் உண்டு. லேப்டாப் திரைக்குள்ளேயே முழு போனும் ஓடும். லேப்டாப் ஃபேன்தான் ரைஸ்மில் மாதிரி கத்தும். அதில் ஆப்பைத் திறந்தால், ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று கையை விரித்தது. சர்வரோ அதே லேப்டாப்பில் ஜம்மென்று ஓடுகிறது!

சூட்சுமம் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற வார்த்தையில். அதற்கு அர்த்தம் ‘என் வீடு’. யார் சொல்கிறார்களோ அவர்கள் வீடு. பொம்மை போன் சொன்னால் அது தன் வீட்டுக்குள்ளேயே தேடும். அங்கே ஏது சர்வர்? லேப்டாப் வீட்டுக்குப் போக அதற்கென்றே ஒரு விலாசம் வைத்திருக்கிறார்கள்: 10.0.2.2. அதைப் போட்டதும் என் மூணு மாச பாக்கி பளிச்சென்று வந்தது. ஐபோன் சிமுலேட்டருக்கு இந்த வம்பு கிடையாது. மேக்கின் நெட்வொர்க்கையே அது பகிர்ந்துகொள்வதால் லோக்கல்ஹோஸ்ட்டே போதும். என்ன, மேக் வேண்டும்!

அடுத்தது நிஜ போன். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு தடவை தட்டினால்தான் டெவலப்பர் கதவு திறக்கும். (பிரதட்சணமே மூணு சுற்றில் முடிந்துவிடுகிறது, சார்!) யு.எஸ்.பி. டீபக்கிங்கைப் போட்டு, கேபிளைச் செருகி, ‘ஏடிபி ரிவர்ஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் போனின் லோக்கல்ஹோஸ்ட் லேப்டாப்புக்குத் திரும்பிவிடும். கேபிள் வேண்டாமென்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், சர்வரும் 0.0.0.0-வில் காது கொடுக்க வேண்டும். இன்னொன்று: 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பூட்டுப் போடாத ‘எச்டிடிபி’ போக்குவரத்துக்குச் சாதாரணமாக அனுமதியில்லை. டெஸ்ட் காப்பிக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டான். கெட்டிக்காரன்.

லைன் போடும் பையனின் பழைய போனில்தான் விஷயம் வெளியே வந்தது. கண் தெரிய வேண்டுமென்று எழுத்தைப் பெரிசாக வைத்திருக்கிறான். 840 ரூபாய் பாக்கி திரையில் 84 என்று நின்றது! கடைசி சைபர் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பொம்மை போனில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததே! என் கணக்குப் பிள்ளை ரத்தம் கொதித்தது. பால்காரர் தலையில் துண்டுதான். பையன் அன்று ராத்திரியே கட்டத்தை அகலமாக்கி, மறுபடி அதே போனில் பார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

எங்கள் தெருவில் ஐபோன் வைத்திருப்பது மாடி வீட்டு மாமி மட்டும். ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர் கட்டாவிட்டால், போனில் ஏற்றிய ஆப் ஏழு நாளில் காலாவதி. மறுபடி யாரிடமாவது மேக்கைக் கடன் வாங்கி ஏற்ற வேண்டும். இந்த வாரம் மேக் வைத்திருக்கும் சிநேகிதன் ஊரில் இல்லை. மாமிக்கு இன்னும் பால் கார்டுதான்.